இன்னொருவர் கடித்த பைப்

அந்தச் சனிக்கிழமை மதியம் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கடைக்காரர், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், அவருடைய மகள், நான். அவ்வளவுதான். எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பத்துப் பேர் பார்க்க ஒரு வயசாளியின் வாயை நான் திறந்து பார்த்தேன் என்று என் மனைவி எங்கள் சர்ச்சில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பார்த்தது உண்மை. பத்துப் பேர் என்பது பொய்.

நான் பல்செட் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி நான் திருப்பி அனுப்புவேன். டெல்லி லாஜ்பத் நகரில் ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் என் பட்டறை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு நாகர்கோவிலிலிருந்து வண்டி ஏறி வந்தவனுக்கு இது பெரிய வேலைதான். முப்பத்தொரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான வாய்களைப் பார்த்துவிட்டேன். எல்லாம் பிளாஸ்டர் வாய்கள். பேசாது, நாறாது, வலிக்கிறது என்று கத்தாது. உயிருள்ள வாயில் கைவைக்க எனக்கு உரிமையும் கிடையாது, தைரியமும் கிடையாது.

தைரியம் என்று எடுத்தால் நான் பூஜ்யம். வீட்டைப் பூட்டிவிட்டு மயூர் விஹார் மெட்ரோ நிலையம்வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்த்திருக்கிறேன், ஒருமுறை இரண்டுமுறை இல்லை. என் மகள் போனை எடுக்கத் தாமதமானால் மருத்துவமனைகளின் பெயர்களை மனம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடும். ஆனால் ஒரு பொருளில் பல் பட்ட தடத்தைக் காட்டி, இது எப்படிப்பட்ட வாய் என்று கேட்டால் நான் பதறாமல் சொல்வேன். அதில் நான் தவறியதாக நினைவில்லை.

பைப் வாங்க ஆரம்பித்ததே அதனால்தான்.

பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடக்க வேண்டும் என்று என் மனைவி கட்டளை போட்டிருந்தாள். அவள் நர்ஸ், அவள் சொன்னால் அது மருந்துச் சீட்டு மாதிரி. நடந்து அமர் காலனிப் பக்கம் போவேன். அங்கே பழைய மேஜை நாற்காலி விற்கும் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழம்பொருள் கடை ஒன்று இருக்கிறது. பித்தளை விளக்கு, நின்றுபோன கடிகாரம், யார் யாருடையதோ கல்யாணப் புகைப்படம். ஒருநாள் வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டில் ஆறேழு பைப்புகள், புகையிலை அடைத்துக் குடிக்கிற அந்தக் காலத்து மரப் பைப்புகள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். வாயில் வைக்கிற கறுப்புப் பகுதியில் மேலே இரண்டு தடம், கீழே ஒரு தடம். பார்த்தவுடன் என் வாயில் வந்துவிட்டது: இவருக்கு வலது பக்கம் கடைவாய் இல்லை, முன்பல் கொஞ்சம் துருத்தும், வேலை செய்துகொண்டே பைப் பிடிக்கிறவர், கையால் தாங்காமல் பல்லாலேயே பிடித்திருக்கிறார். கடைக்காரருக்கு ஹிந்தியில் சொன்னேன். அவர் பைப்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாமான் இறக்கியபோது கூடவே ஒரு தையல் மிஷினும் வந்தது, அந்த வீட்டுக்காரர் தையல்காரர் என்றார். அன்றைக்கு முந்நூறு ரூபாய்க்கு அதை வாங்கினேன். அன்றிலிருந்து அவருக்கு நான் டாக்டர் சாஹப். கேலிதான். இருந்தாலும் காதுக்கு நன்றாக இருக்கிறது.

இப்போது என்னிடம் இருபத்திரண்டு பைப்புகள். இருபத்துமூன்றாக இருந்தது.

வாங்கிவந்த பைப்பை அப்படியே வாயில் வைக்க முடியாது. எச்சில் என்று ஒன்று இருக்கிறதே. நம் ஆட்கள் ஒரே தம்ளரில் தண்ணீர் குடிக்கவே அண்ணாந்துதான் குடிப்பார்கள். நான் முகம் தெரியாத ஒருவர், அநேகமாகச் செத்துப்போன ஒருவர், முப்பது வருஷம் சப்பியதை வாங்கி என் வாயில் வைக்கிறேன் என்று மனைவிக்கு முதலில் தெரிந்தபோது அவள் ஒரு வாரம் எனக்குத் தனித் தம்ளர் வைத்தாள். எனக்கும் பயம்தான். டிபியில் தொடங்கி எத்தனை வியாதி உண்டோ அத்தனையும் அந்தத் துளைக்குள் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். அதனால் சுத்தம் செய்கிற வேலையை நான் வேறு யாரையும்விட ஒழுங்காகச் செய்வேன். கிண்ணத்தில் கல்லுப்பு நிரப்பி, அதன்மேல் ஸ்பிரிட் ஊற்றி இரண்டு நாள் வைப்பேன். உப்பு பழுப்பாக மாறும். கொட்டிவிட்டு மறுபடியும் வைப்பேன். உப்பு வெள்ளையாகவே இருக்கும்வரை விடமாட்டேன். துளையில் கம்பித் திரியை விட்டு விட்டு எடுப்பேன், திரி கறுக்காமல் வரும்வரை. வாய்ப்பகுதி கெட்டி ரப்பர். எபோனைட் என்பார்கள். அந்தக் காலத்தில் பல்செட்டின் ஈறுத் தட்டையும் இதே ரப்பரில்தான் செய்தார்கள். அதனால் அது எனக்கு அந்நியம் இல்லை. கடித்த குழி இருந்தால் கரித்தூளும் பசையும் கலந்து அடைத்து, அரம் போட்டு, பல்செட்டை மெருகேற்றுகிற அதே சக்கரத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி வந்துவிடும். எங்கே குழி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் எனக்குப் பெருமை.

குடிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே ஒரு பைப். புகையிலையை மூன்று தடவையாக அடைக்க வேண்டும்: முதலில் குழந்தை கை மாதிரி, அடுத்தது பெண் கை மாதிரி, கடைசியில் ஆண் கை மாதிரி அழுத்த வேண்டும் என்று கடைக்காரர் சொல்லித்தந்தார். அவர் யாரிடம் கேட்டாரோ. பற்ற வைத்தால் அவசரப்படக் கூடாது. பதறி இழுத்தால் நாக்கு வெந்துவிடும். என்னைப் போன்றவனுக்கு இது நல்ல கடிவாளம். வாரத்தில் அந்த முக்கால் மணி நேரம்தான் நான் எதையும் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பதில்லை. முடிந்ததும் சாம்பலில் தண்ணீர் ஊற்றுவேன், மூன்று முறை. கீழே வந்ததும் டார்ச் அடித்துக் கண்ணாடியில் நாக்கையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் பார்ப்பேன், வெள்ளைத் திட்டு ஏதும் இருக்கிறதா என்று. அப்படிப் பார்க்கிற நேரத்துக்கு அதை விட்டுத் தொலைக்கலாமே என்பாள் மனைவி. அவள் சொல்வது நியாயம்.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரிக் கடைசியில் கடைக்காரர் ஒரு பைப்பைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். வளைந்த தண்டு, கருஞ்சிவப்பு மரம், கழுத்தில் நசுங்கிய வெள்ளிப் பூண். வாய்ப்பகுதி மட்டும் பாவம். இடது பக்கம் மேலே இரண்டு பள்ளம். கீழே ஒரு குழி, துளை விழ ஒரு நூல் பாக்கி. இத்தனை ஆழமாக ஒருவர் கடித்து நான் பார்த்ததில்லை. கீழ்த்தாடையில் இடது கோரைப்பல் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட உயரம், அதனால்தான் எல்லா பாரமும் அதிலேயே விழுந்திருக்கிறது என்று அங்கேயே சொன்னேன். இரண்டாயிரத்து அறுநூறு கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

வழக்கம்போல, கை வைப்பதற்கு முன்னால் வாய்ப்பகுதியை அச்சில் அமுக்கிப் பிளாஸ்டரில் ஒரு மாடல் ஊற்றி வைத்தேன். இது எங்கள் தொழில் பழக்கம். நோயாளி பல்லைப் போட்டுப் பார்த்து, சரி என்று டாக்டர் சொல்லும்வரை பழைய மாடலை உடைக்கக் கூடாது. பைப்புக்கு நோயாளியும் கிடையாது, டாக்டரும் கிடையாது. இருந்தாலும் கை பழகியதைச் செய்யும். மாடலில் தேதி எழுதி அலமாரியில் போட்டுவிட்டுக் குழியை அடைத்தேன். நான்கு நாள் வேலை. முடிந்தபோது அது புதுப் பைப். முதல் ஞாயிற்றுக்கிழமை பற்றவைத்தேன். இருபத்திரண்டும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். கிண்ணம் கடைசிவரை சூடேறாமல், நடுவில் அணையாமல், சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி எரிந்தது. ஒன்பது ஞாயிறு அதைத்தான் குடித்தேன்.

ஏப்ரலில் கடைக்காரர் போன் செய்தார். அந்த வெள்ளிப் பூண் பைப்பைத் தேடி ஒரு அம்மாள் வந்திருக்கிறார், அதுவும் உங்கள் மதராஸிதான் என்றார். அந்த அம்மாளின் கதையையும் சொன்னார். அப்பாவுக்கு இதய வைத்தியம் நடந்ததிலிருந்து புகை கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். நாலு வருஷமாகிறது. புகையே இல்லை, அப்புறம் பைப் எதற்கு என்று, வீட்டை வெள்ளையடித்தபோது பழைய பித்தளைச் சாமான்களோடு அதையும் அந்த அம்மாள் பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரரிடம் போட்டுவிட்டார். ஆனால் பெரியவர் தினமும் காலையில் வெறும் பைப்பைக் கடித்துக்கொண்டுதான் பேப்பர் படிப்பாராம். அது மகளுக்குத் தெரியாது. அந்த அம்மாள் ஆபீஸ் கிளம்புகிற நேரம் அது. பைப் போன நாளிலிருந்து பெரியவர் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. இரண்டு மாசத்துக்கு மேலாகிவிட்டது. வேலைக்காரம்மாவிடம் பேசுகிறார், பக்கத்து வீட்டில் பேசுகிறார், மகளுக்கு மட்டும் பேச்சில்லை. வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். கபாடிக்காரரைப் பிடித்து, அவர் விற்ற கடையைப் பிடித்து, அந்த அம்மாள் வந்து சேர்ந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. திருட்டுச் சாமான் கேஸ் ஆகுமா, ரசீது வாங்கவில்லையே, போலீஸ் பட்டறைக்கு வந்தால் டாக்டர்கள் வேலை கொடுப்பார்களா. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை: அந்தப் பைப்பைக் கொடுக்க எனக்கு மனசில்லை. மனைவி ஒரே வரியில் முடித்தாள். “களவாண்டவன் மாதிரி முழிக்காதீங்க. அவங்க பொருளு. போய்க் குடுத்துட்டு வாங்க.”

கடைக்கு நான் போனபோது பெரியவர், விலைச் சீட்டு தொங்கும் ஒரு தேக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாத பேண்ட், கையில் தடி. ஏதோ ஒரு அமைச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பாதி வாழ்க்கை ஓடியது என்று பிறகு தெரிந்தது. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அறுபது வருஷம் டெல்லியில் இருந்தும் பேச்சில் அந்த ‘ங்க’ ஒரு இடத்திலும் உதிரவில்லை. மகளுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். இங்கேயே பிறந்தவர். நாற்காலிக்குப் பின்னால் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

பேச்சு எப்படி நடந்தது என்றால், பெரியவர் மகளிடம் சொல்ல வேண்டியதைக் கடைக்காரரிடம் ஹிந்தியில் சொல்வார். இவளிடம் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் திரும்பி, ஒரு அடி தூரத்தில் நிற்கும் மகளிடம் அதே ஹிந்தியில் கேட்பார். மகள் பாட்டிலைக் கடைக்காரரிடம் கொடுப்பார். அவர் பெரியவரிடம் கொடுப்பார். கடைக்காரர் முகத்தில் சிரிப்பே வரவில்லை. முப்பது வருஷ வியாபாரி.

நான் துணியைப் பிரித்துப் பைப்பை நீட்டினேன். பெரியவர் அதை வாங்கிக் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார், பூணைத் தடவினார். மகள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் பைப்பை வாயில் வைத்துக் கடித்தார். கையை எடுத்தார். பைப் நழுவி மடியில் விழுந்தது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் விழுந்தது. கட்டைவிரலால் வாய்ப்பகுதியின் அடியில் தேடினார்.

“இது என்ற பைப் இல்லீங்க” என்றார் என்னைப் பார்த்து.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம். அவரே இல்லை என்று சொல்லிவிட்டார். கடைக்காரரும் தோளைக் குலுக்கினார், விவகாரம் தீர்ந்தது என்பது போல. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் நாளைக்கு மாடியில் பற்றவைக்கலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

மகள் என் பக்கமாக வந்து, டெல்லிக்காரர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார். “பையா, உண்மையைச் சொல்லிடுங்க. நல்லதை வெச்சுக்கிட்டு வேற கொண்டுவந்துட்டீங்களா? நான் கோவிச்சுக்க மாட்டேன். எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, ப்ளீஸ்.”

அவர் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. இன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போனால் மறுபடியும் அதே பேச்சில்லாத வீடு. அது தெரிந்த ஒருவரின் முகம் அது. வேறு எந்த விஷயமாக இருந்தாலும் நான் உளறியிருப்பேன். இது என் விஷயம்.

“அய்யா, இது உங்களுக்க பைப்புதான். நான்தான் குழிய அடைச்சிட்டேன்” என்றேன்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “குழிய எதுக்குங்க தூத்தீங்க?”

“அது ஒரு குறைன்னு நெனச்சிட்டேன்.”

“நாப்பது வருசம் கடிச்சு உண்டாக்குனதுங்க அது” என்றார். குரலை உயர்த்தவில்லை. பல்செட்டில் ஒரு பள்ளம் இருந்தால் அது வேலைக்காரனின் தப்பு. முப்பத்தொரு வருஷம் பள்ளத்தை எல்லாம் நிரவித் தள்ளியே பழகிய கைக்கு, ஒரு மனிதன் தன் வசதிக்காகச் செய்துகொண்ட பள்ளம் என்று ஒன்று இருக்க முடியும் எனத் தோன்றவே இல்லை. ஒருவர் ஆசையாக வளர்த்த மீசையைச் சவரம் செய்துவிட்டதைப் போலச் செய்து வைத்திருந்தேன்.

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அடைத்துவிட்டேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே என்றார். பத்து நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். அலமாரியில் ஜனவரி மாடலைத் தேடி எடுத்தேன். கூடவே ஒரு மெழுகுத் தகடு, ஸ்பிரிட் விளக்கு, லைட்டர். பட்டறையைப் பூட்டினேன். திரும்பி வந்து இழுத்துப் பார்த்தேன். பிறகு ஓடினேன்.

கடையில் மூன்று பேரும் அதே இடத்தில் இருந்தார்கள். மாடலைப் பெரியவர் கையில் கொடுத்தேன். வெள்ளைப் பிளாஸ்டரில் அவர் பைப்பின் வாய்ப்பகுதி, நான் கை வைப்பதற்கு முன்னால் இருந்தபடியே, பள்ளமும் குழியுமாக. அவர் கட்டைவிரல் நகம் தானாகப் போய்க் குழியில் நின்றது. நான் தொடர்ந்தேன். “அய்யாவுக்குக் கீழ்வரிசையில இடது பக்கம் கோரைப்பல்லு ஒண்ணு மத்ததவிட உயரமா இருக்கும். நீங்க எழுதிக்கிட்டே பைப்பு பிடிச்சிருப்பிய. தலைய வலது பக்கமா சாச்சுதான் எழுதுவிய. தடம் அப்பிடித்தான் சாஞ்சிருக்கு.”

மகளின் கை வாய்க்குப் போனது. அப்பா ஃபைலை அப்படித்தான் எழுதுவார், கழுத்து வலிக்கும், அம்மா தினமும் தைலம் தேய்ப்பார்கள் என்று கடைக்காரரிடம் சொன்னார். தன்னை அறியாமலே ஹிந்தியில்.

பெரியவர் கைக்குட்டையை மடியில் விரித்தார். மேல் பல்செட்டைக் கழற்றி வைத்தார். பிறகு கீழே இருந்த சின்னத் துண்டையும் கழற்றினார். “பாருங்க” என்று வாயைத் திறந்தார்.

நான் ஒரு அடி பின்னால் போனேன். டாக்டர் இல்லாமல் ஒருவர் வாயில் கை வைப்பது தப்பு என்பது ஒரு பக்கம். என் வாழ்க்கையில் முதல் உயிருள்ள வாய் என்பது இன்னொரு பக்கம். கடைக்காரர் தன் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். கீழ்த்தாடையில் மிஞ்சியிருந்தது நாலே பல். அதில் ஒன்று, நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன உயரத்தில், மஞ்சளாக, அசையாமல் நின்றது. பிளாஸ்டர் மாடலை எடுத்து மெதுவாக வைத்தேன். கடிக்கச் சொன்னேன். பல் குழிக்குள் போய் உட்கார்ந்தது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. பூட்டில் சாவி விழுவதைப் போல என்று சொல்லலாம், ஆனால் பூட்டு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதில் இருந்தது.

“சரிங்க” என்றார் பெரியவர், பல் இல்லாத வாயால். “என்றதுதான்.”

ஆனால் வேலை முடியவில்லை. பல்செட்டை மறுபடியும் போட்டுக்கொண்டு பைப்பைக் கடித்துப் பார்த்தார், மறுபடியும் நழுவியது. “என்றதுன்னு தெரிஞ்சு என்னங்க பண்றது. வாயில நிக்க மாட்டீங்குது.”

பழைய குழியைத் திரும்பத் தோண்டிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாடல் இருக்கிறது, அரை மணி நேர வேலை. பிறகுதான் புரிந்தது, அதுவும் நிற்காது. மேல் பற்கள் எப்போது போயின என்று கேட்டேன். பிப்ரவரியில் எடுத்துவிட்டு, போன மாசம்தான் இந்தச் செட்டைப் போட்டாராம். அதாவது, பைப் போன பிறகு. மேலே இருந்த இரண்டு பள்ளத்துக்குச் சொந்தக்காரப் பற்கள் இப்போது இல்லவே இல்லை. கீழ்ப்பல் அதே இடத்தில் இருக்கிறது. மேலே வந்து உட்காருகிற பல் வேறு. பழைய வாய்க்குச் செய்தால் இந்த வாயில் விழத்தான் செய்யும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி: இன்றைக்கு எடுத்த அச்சுக்குத்தான் இன்றைக்கு வேலை.

ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். கடைக்காரர் அவசரமாக ஒரு கம்பளத்தை இழுத்துத் தள்ளிவைத்தார். மெழுகுத் தகட்டை வாட்டி, பைப்பின் வாய்ப்பகுதியில் இரண்டு சுற்றுச் சுற்றி, சூடு பொறுக்கிறதா என்று என் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். பேப்பர் படிக்கிறபோது எப்படிப் பிடிப்பாரோ அப்படியே கடிக்கச் சொன்னேன். அதற்குக் கையில் பேப்பர் வேண்டும் என்றார். கடைக்காரர் பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய ஹிந்திப் பேப்பரைக் கொடுத்தார். பெரியவர் அதை விரித்துப் பிடித்து, தலையை வலது பக்கம் சாய்த்து, உண்மையாகவே ஒரு செய்தியைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். மெழுகு இறுகும்வரை நாங்கள் மூன்று பேரும் காத்து நின்றோம்.

மறுபடியும் பட்டறை. மெழுகில் விழுந்த தடத்தைப் பார்த்து, நான் அடைத்ததை நானே குடைந்தேன். கீழே குழி, பழைய இடத்திலேயே. மேலே புதிதாக ஒரு நீளப் பள்ளம். ஒரு முழுசான, குறையில்லாத, நான் நாலு நாள் மெருகேற்றிய வாய்ப்பகுதியில் அப்படிக் குடைய எனக்குக் கை வராது என்று நினைத்தேன். வந்தது. இருபது நிமிஷத்தில் முடிந்தது. ஸ்பிரிட்டில் கழுவினேன், இரண்டு முறை.

கடையில் அவரிடம் கொடுக்கும்போது ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது என்று தோன்றியது. ஒன்பது வாரம் நான் இதில் குடித்திருக்கிறேன், சுத்தம் செய்துவிட்டேன், இருந்தாலும் என் எச்சில்தானே என்றேன்.

“என்ற எச்சில நீங்க ரெண்டு மாசம் குடிச்சீங்கல்ல” என்றார். “கணக்குச் சரியாப் போச்சு, உடுங்க.”

பைப்பை வாயில் வைத்தார். கடித்தார். கையை எடுத்தார். நின்றது. இரண்டு கையையும் தடியின்மேல் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கடைவாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மனசுக்குள் முப்பதுவரை எண்ணினேன். விழவில்லை. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் சொல்வேன், நான் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான். அதற்குப் பளபளப்பே கிடையாது.

எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். இரண்டாயிரத்து அறுநூறு என்று சொன்னேன். கடைக்காரர் அந்த நேரம் பார்த்து மேலே சுழலும் மின்விசிறியில் எதையோ கவனிக்க ஆரம்பித்தார். பெரியவர் பர்ஸை எடுத்து நோட்டுகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்தார். ஆயிரத்து எழுநூற்று ஐம்பது இருந்தது. மகள் சட்டென்று போனை எடுத்து, மீதியை அனுப்புகிறேன், உங்கள் நம்பரைக் காட்டுங்கள் என்று என்னிடம் வந்தார்.

பெரியவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். கடைக்காரர் பக்கம் திரும்பினார். கடைக்காரர் வழக்கம்போல் செய்தியை வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைச் சாய்த்தார். பெரியவர் அவரைத் தாண்டி மகளைப் பார்த்தார்.

“நீ போன உள்ள வை, கண்ணு. இது நான் வாங்கறது.”

மகள் போனைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். ஜிப் திறக்கவில்லை, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். “சரிப்பா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மீதி எப்ப குடுப்பீங்கப்பா?” என்று கேட்டார். மீதியைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. பதில் வருமா என்று பார்க்கத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

“அடுத்த பென்சன்ல. நீ ஞாபகப்படுத்து.”

அடுத்த பென்ஷன் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. போன வாரம் அந்த அம்மாள் போன் செய்தார். அப்பா தினமும் காலையில் பேப்பர் படித்துக்கொண்டே அந்தப் பல்செட்டுக்காரருக்குப் பணம் கொடுத்தாயிற்றா, இல்லையா என்று கேட்கிறாராம். இல்லையப்பா, நீங்கள்தானே கொடுப்பேன் என்றீர்கள் என்று மகள் சொல்கிறாராம். அதிலிருந்து பேச்சு எங்கெங்கேயோ போய், மகளுக்குத் தினமும் ஆபீஸ் பஸ் தப்பிவிடுகிறதாம். “பையா, நீங்க தப்பா நெனைக்கலைன்னா, இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டுமா?” என்று கேட்டார்.

இருக்கட்டும் என்றேன். எனக்கு வர வேண்டியது எண்ணூற்று ஐம்பது ரூபாய்.